ஒரே சாயலில் இரண்டு வண்ணத்துப்பூச்சிகள்: என் படங்களில் இருப்பது எது?

எழுதியவர்: ஈசூன் தாத்தா

அனைவருக்கும் வணக்கம். பணி ஓய்வு பெற்றபோது மகன் வாங்கிக் கொடுத்த கேமராவையும் 100 மில்லிமீட்டர் மேக்ரோ லென்சையும் தூக்கிக்கொண்டு, கடந்த எட்டு மாதங்களாக வண்ணத்துப்பூச்சிகளின் பின்னால் அலைந்துகொண்டிருக்கிறேன். எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் நடக்கவிருக்கும் சிறிய கண்காட்சிக்குப் பன்னிரண்டு படங்கள் கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு படத்தின் கீழும் தமிழில் பெயரும் இரண்டு வரி விளக்கமும் இருக்க வேண்டும் என்பது அவர்கள் விதித்த ஒரே நிபந்தனை. எண்ணூறு படங்களை விரித்து வைத்துக்கொண்டு தேர்ந்தெடுக்க உட்கார்ந்தபோதுதான், எதை எடுத்திருக்கிறேன் என்பதே எனக்குத் தெரியவில்லை என்று உறைத்தது.

இணைத்துள்ள முதல் இரண்டு படங்களைப் பாருங்கள். முதல் படம் சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவில், வண்ணத்துப்பூச்சிகளுக்கென்றே செடிகொடி நட்டு வளர்த்திருக்கும் குன்றில் எடுத்தது. சாங்கி படகுத்துறையில் பன்னிரண்டு பேர் சேரும்வரை காத்திருந்து, அக்கரை போய், நண்பகல் வெயிலில் இரண்டு மணி நேரம் நின்று எடுத்த படம் அது. இரண்டாவது, எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே உள்ள வெட்சிப் புதரில் எடுத்தது. இரண்டிலும் கரிய இறக்கை, பின்னிறக்கையின் நடுவில் வெள்ளைத் திட்டுகள், ஓரத்தில் சிவப்புப் பிறைகள், கீழே சிறு வால். இரண்டுமே சிங்கப்பூரின் தேசிய வண்ணத்துப்பூச்சி என்றுதான் நினைத்து வைத்திருந்தேன். பத்து வயதுப் பேத்தி திரையை உற்றுப் பார்த்துவிட்டு, "தாத்தா, இது வேற பூச்சி" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். எது வேறு, ஏன் வேறு என்று அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை.

மூன்றாவது படத்தில் உள்ள பூச்சி கண்ணுக்கு ஊதா நிறத்தில் மின்னியது. படத்தில் பார்த்தால் காய்ந்த புளியம்பழத் தோல்போல வெறும் பழுப்பாக இருக்கிறது. நான்காவது, ஒரு நாள் காலை எங்கள் கீழ்த்தளத்துச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தது. என் உள்ளங்கையைவிடப் பெரியது. இவ்வளவு பெரிய வண்ணத்துப்பூச்சி இங்கே உண்டா?

இவை தவிரப் பொதுவான குறை ஒன்றும் இருக்கிறது. மற்றவர்கள் எடுக்கும் படங்களில் இறக்கை முழுவதும் கத்தி முனைபோலத் தெளிவாக விழுகிறது. என் படங்களில் பாதி இறக்கை தெளிவாகவும் மீதி புகைபோலவும் வருகிறது.

கேட்கக் கூடாத இடத்தில் கேட்கிறேன் என்று கோபிக்க வேண்டாம்: தாழ்வாரத்தில் வைத்திருக்கும் கறிவேப்பிலைத் தொட்டியில் பறவை எச்சம்போல ஏதோ புழுக்கள் வந்து இலைகளை மொட்டையடிக்கின்றன. பொறுக்கி எறிந்து எறிந்து அலுத்துவிட்டது. நல்ல மருந்து தெரிந்தவர்கள் சொன்னால் என் மனைவி மிகவும் மகிழ்வார்.


பதில் 1
எழுதியவர்: பூமலை நடையர்

வணக்கம் ஐயா. உங்கள் பேத்தியின் கண்ணைப் பாராட்ட வேண்டும். அவை இரண்டும் வேறு வேறு இனங்கள். முதல் படத்தில் இருப்பதுதான் காமன் ரோஸ். தமிழ்நாட்டில் ரோஜா அழகி என்பார்கள். 2015இல் இங்கே நடந்த இணைய வாக்கெடுப்பில் தேசிய வண்ணத்துப்பூச்சியாகத் தேர்வு பெற்றது அதுவே. இரண்டாவது, அதன் வேடத்தைப் போட்டுக்கொண்டிருக்கும் காமன் மோர்மன் என்னும் இனத்தின் பெண்.

வேறுபாட்டை இறக்கையில் தேடினால் ஏமாந்துபோவீர்கள். உடலைப் பாருங்கள். முதல் படத்தைப் பெரிதாக்கினால் தலையும், மார்பின் பக்கவாட்டும், வயிற்றின் நுனியும் குங்குமம் அப்பியதுபோலச் சிவந்திருப்பது தெரியும். இரண்டாவது படத்தில் உடல் முழுக்கக் கருப்பு. இறக்கையை அச்சாக நகலெடுத்த பூச்சி உடலை நகலெடுக்க மறந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். பறக்கும் பறவைக்கு அந்த நுணுக்கத்தைப் பார்க்க நேரமில்லை என்பதால் மறதியால் பெரிய நட்டமும் இல்லை.

வேடம் எதற்கு என்பது சுவையான கதை. ரோஜா அழகியின் புழு, நம் ஊர் ஈசுவரமூலியின் இனத்தைச் சேர்ந்த நச்சுக் கொடிகளை மட்டுமே தின்று வளர்கிறது. அந்த நஞ்சு புழுவின் உடலில் தங்கி, கூட்டுப்புழுவைக் கடந்து, இறக்கை முளைத்த பூச்சியிலும் இருக்கிறது. ஒருமுறை கொத்திப் பார்த்து வாய் கசந்த பறவை மறுமுறை அந்தச் சிவப்பையும் கருப்பையும் கண்டால் ஒதுங்கிவிடும். எந்த நஞ்சும் இல்லாத காமன் மோர்மன் அதே உடையை அணிந்துகொண்டு, அடுத்தவர் சம்பாதித்த பெயரில் உயிர் பிழைக்கிறது. வேடம் போடுவது பெண் மட்டுமே. ஆண் கருப்பாக, பின்னிறக்கையின் குறுக்கே வரிசையாக வெள்ளைத் திட்டுகளோடு எளிமையாக இருக்கும். வேடம் போடாமல் ஆணைப் போலவே இருந்துவிடும் பெண்களும் உண்டு. உங்களுடைய எண்ணூறு படங்களில் அப்படி ஒன்றை "ஏதோ கருப்புப் பூச்சி" என்று ஒதுக்கி வைத்திருப்பீர்கள் என்று பந்தயம் கட்டுகிறேன்.

இந்தக் குழப்பத்தில் நீங்கள் தனியாக இல்லை, ஐயா. இப்படிப்பட்ட வெவ்வேறு வடிவப் பெண்களைப் பழைய பூச்சியியலாளர்கள் தனித்தனி இனங்களாகவே எண்ணிப் பெயரிட்டிருந்தார்கள். 1854இல் சிங்கப்பூரில் வந்திறங்கி, புக்கிட் தீமா காட்டோரத்தில் தங்கிப் பூச்சிகள் சேகரித்த ஆல்ஃபிரட் ரசல் வாலஸ்தான், மலாய் வட்டாரத்து வால் இறக்கை வண்ணத்துப்பூச்சிகளைப் பற்றி 1865இல் வெளியான கட்டுரையில், ஒரே தாயின் முட்டைகளிலிருந்து பல தோற்றத்துப் பெண்கள் பிறக்க முடியும் என்பதையும், அவற்றில் சில வேற்று இனத்தைப் போலிருப்பதற்கான காரணத்தையும் விளக்கினார். டெய்ரி ஃபார்ம் இயற்கைப் பூங்காவில் அவர் பெயரில் ஒரு நடைபாதையே இருக்கிறது. அதற்கு ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து, 2014இல், இந்த வேடத்தை இயக்குவது டபுள்செக்ஸ் என்னும் ஒற்றை மரபணு என்று கண்டறிந்தார்கள். ஆணா பெண்ணா என்று உடலமைப்பைத் தீர்மானிப்பதில் பங்குள்ள மரபணு அது. இந்தப் பூச்சியில் அதுவே இறக்கையின் உடுப்பையும் சேர்த்துத் தீர்மானிக்கிறது.

நான்காவது படத்தில் இருப்பது வண்ணத்துப்பூச்சியே அல்ல; அட்லஸ் என்னும் அந்துப்பூச்சி. இறக்கையின் மேல்நுனி பாம்பின் தலைபோல வளைந்திருப்பதைப் பாருங்கள். கண்டோனீய மொழியில் அதற்குப் பாம்புத்தலை அந்துப்பூச்சி என்றே பெயர். இறக்கை விரிப்பு 25 சென்டிமீட்டர் வரை போகும். இறக்கை முளைத்த இந்நிலைக்கு வந்தபின் அது எதுவும் உண்பதில்லை, உண்ண வாயும் இல்லை; புழுவாக இருந்தபோது சேர்த்த கொழுப்பில் சில நாள் வாழ்ந்து, இணைசேர்ந்து, மடிந்துவிடும். வண்ணத்துப்பூச்சியின் உணர்கொம்பு நுனியில் தீக்குச்சித் தலைபோலத் தடித்திருக்கும். உங்கள் படத்தில் அது இறகுபோல இருக்கிறது. கண்காட்சியில் வைக்கலாம், ஆனால் வண்ணத்துப்பூச்சி என்று எழுதிவிடாதீர்கள். யாராவது ஒரு பள்ளி மாணவர் வந்து திருத்திவிடுவார்.

கறிவேப்பிலைக்கு மருந்து எதுவும் சொல்ல மாட்டேன். காரணத்தைத் தாழ்வாரத் தோட்டம் அம்மா வந்து சொல்வார்.


பதில் 2
எழுதியவர்: மேக்ரோ பித்தன்

ஐயா, பாதி இறக்கை புகைவது லென்சின் குற்றமன்று, நீங்கள் நிற்கும் கோணத்தின் குற்றம். மேக்ரோ படத்தில் தெளிவாக விழும் ஆழம் நாம் நினைப்பதைவிட மிகவும் மெலிந்தது. பூச்சியை அதன் உண்மையான அளவுக்கே சென்சாரில் விழவைத்தால், லென்சின் துளையை எஃப் 8 அளவுக்குச் சுருக்கினால்கூட அந்த ஆழம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான். ரோஜா அழகிபோன்ற பெரிய பூச்சி முழுவதும் சட்டத்துக்குள் அடங்குமாறு சற்றே விலகி நின்றால் அரை சென்டிமீட்டர் அளவுக்குக் கிடைக்கும். அந்த மெல்லிய தகட்டுக்குள் இறக்கை முழுவதையும் அடக்க வேண்டுமானால், கேமராவின் முதுகு இறக்கைக்கு இணையாக இருந்தாக வேண்டும். இறக்கையை மூடி உட்கார்ந்திருந்தால் நேர் பக்கவாட்டிலிருந்தும், விரித்து உட்கார்ந்திருந்தால் நேர் மேலிருந்தும் எடுக்க வேண்டும். நீங்கள் இணைத்துள்ள படங்களில் பெரும்பாலானவை நின்றபடியே, முக்கால் கோணத்தில் எடுத்தவை. முட்டியை மடக்க வேண்டும் என்று சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் வேறு வழியில்லை. நான் ஒரு பழைய தலையணை உறையில் தெர்மாகோல் அடைத்து முட்டிக்குக் கீழே போட்டுக்கொள்கிறேன்.

நேரத்தையும் மாற்றுங்கள். நண்பகல் வெயிலில் உபின் குன்றில் இரண்டு மணி நேரம் நின்றதாக எழுதியிருக்கிறீர்கள்; அந்த நேரத்தில் அவை உட்காரவே உட்காரா. காலை எட்டரையிலிருந்து பத்து வரை, உடல் இன்னும் சூடேறாத பூச்சிகள் இறக்கையை விரித்து வெயில் காயும். அப்போது மெதுவாக, உங்கள் நிழல் அதன்மேல் விழாமல் நெருங்கினால் போதும். வால் இறக்கைப் பூச்சிகள் தேன் குடிக்கும்போதுகூட முன்னிறக்கையை அடித்துக்கொண்டே இருப்பவை. அவற்றுக்கு ஆயிரத்தில் ஒரு வினாடி வேகமாவது வைக்க வேண்டும். சீமை நாயுருவிப் புதர் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுங்கள். துரத்திப்போய் எடுத்த படங்களைவிட உட்கார்ந்து எடுத்த படங்களே என்னிடம் நன்றாக வந்திருக்கின்றன.

இப்போது உங்கள் மூன்றாவது படம். அது ஸ்டிரைப்டு புளூ குரோ என்னும் இனத்தின் ஆண். கண்ணுக்குத் தெரிந்த ஊதா எங்கே போயிற்று என்று கேட்கிறீர்கள். வண்ணத்துப்பூச்சியின் இறக்கை முழுவதும் ஓடு வேய்ந்ததுபோல அடுக்கிய நுண்ணிய செதில்கள்; தொட்டால் விரலில் ஒட்டும் பொடி அவைதான். சில செதில்களில் சாயம் இருக்கிறது. பழுப்பு, கருப்பு, மஞ்சள் எல்லாம் பெரும்பாலும் அப்படி வருபவை. எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் அதே நிறம்தான். உங்கள் பூச்சியின் ஊதாவில் சாயமே கிடையாது. செதிலின் மேற்பரப்பில் உள்ள மிக நுண்ணிய வரிகளில் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று மோதி, சில நிறங்கள் அழிந்து சில நிறங்கள் ஓங்கும்போது அந்த ஊதா பிறக்கிறது. பட்டுப் புடவையின் மயில்கழுத்து நிறம் அசைவுக்கேற்ப மாறுவதைப் போன்ற ஒரு காட்சி இது, காரணம் மட்டும் வேறு. கோணம் சற்றே மாறினாலும் ஊதா அணைந்துவிடும். ஆகவே அடுத்த முறை அதே இடத்தில் உட்கார்ந்தபடி, தலையை ஓர் அடி இடமும் வலமும் நகர்த்தி, நிறம் எங்கே பற்றிக்கொள்கிறது என்று பார்த்துவிட்டு அந்த இடத்துக்குக் கேமராவைக் கொண்டுபோங்கள். ஃபிளாஷ் போட்டால் பெரும்பாலும் காரியம் கெட்டுவிடும்.

அந்த இனத்து ஆண்களை நீண்ட நேரம் ஓரிடத்தில் உட்காரவைக்கும் செடிகளும் இருக்கின்றன. கிலுகிலுப்பையும் தேள்கொடுக்கும் காயத் தொடங்கும்போது, அவற்றின் சாற்றில் உள்ள கசப்புப் பொருளை உறிஞ்சக் கூட்டமாக வந்து மொய்க்கும். பெண்ணைக் கவரும் மணத்தைச் செய்ய அந்தப் பொருள் அவற்றுக்கு வேண்டியிருக்கிறது. அப்போது நீங்கள் ஒரு சாண் தூரத்தில் போய் நின்றாலும் கண்டுகொள்ளமாட்டா. பூங்காக்களில் செடியைப் பறிப்பது குற்றம் என்பதால், சமூகத் தோட்டத்தில் இடம் வைத்திருக்கும் நண்பர் யாராவது இருந்தால் ஒரு மூலையில் தேள்கொடுக்கு வளர்க்கச் சொல்லுங்கள்.

இறக்கையின் எந்தப் பக்கத்தைப் படமெடுப்பது என்பதும் இனத்துக்கு இனம் மாறும். நம் புளோக்குகளுக்கு நடுவே உயரத்தில் பறக்கும் பெயின்டட் ஜெசபெல்லுக்கு மேற்புறம் சாதாரண வெள்ளைதான். மஞ்சளும் சிவப்புமாகக் கோயில் கோபுரம்போலத் தீட்டியிருப்பதெல்லாம் அடிப்புறத்தில். அது முட்டையிடும் புல்லுருவி மரக்கிளைகளில் படர்வது என்பதால் கீழே இறங்குவதே அரிது. ஆட்டம் லீஃப் (இலையுதிர்கால இலை என்று பொருள்) என்னும் இனம் இதற்கு நேர்மாறு: மூடினால் நடுநரம்பு வரை வரைந்த சருகு, திறந்தால் செம்மஞ்சள். அதை இரண்டு நிலையிலும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினால் கண்காட்சிக்கு வருகிறவர்கள் ஒரே பூச்சி என்று நம்பமாட்டார்கள்.

நாம் எடுக்கும் படம் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் அது மனிதக் கண்ணுக்கான படம்தான் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நிறம் காண நம் கண்ணில் இருப்பவை மூன்று வகைக் கூம்பு செல்கள். இங்கே சாதாரணமாகப் பறக்கும் காமன் புளூபாட்டிலின் கண்ணில் பதினைந்து வகை ஒளியுணர் செல்கள் இருப்பதாக 2016இல் கண்டறிந்தார்கள். புற ஊதா ஒளியும் அதற்குத் தெரியும்.


பதில் 3
எழுதியவர்: தாழ்வாரத் தோட்டம்

ஐயா, வணக்கம். நீங்கள் பொறுக்கி எறிந்த "பறவை எச்சம்" உங்கள் இரண்டாவது படத்தில் உள்ள பூச்சியின் குழந்தை. காமன் மோர்மனுக்குத் தமிழ்நாட்டில் வழங்கும் பெயரே கறிவேப்பிலை அழகி என்பதுதான். படகேறி அக்கரைக்குப் போய்த் தேடியதன் இரட்டையை வீட்டு வாசலில் வைத்து ஒவ்வொரு நாளும் குப்பையில் போட்டுக்கொண்டிருந்திருக்கிறீர்கள்! உங்களைக் குறை சொல்லவில்லை. முதல் ஆண்டு நானும் அதைத்தான் செய்தேன்.

இனிமேல் தொட்டிக்கு முன்னால் முக்காலி போட்டு உட்காருங்கள், ஐயா. இளந்தளிரில் கடுகளவில், வெளிர் மஞ்சளில் உருண்டையாக இருப்பது முட்டை. மூன்று நாள் கழித்து அதன் ஓட்டையே முதல் உணவாகத் தின்றுவிட்டு வெளியே வரும் புழு, பழுப்பும் வெள்ளையுமாகப் பறவை எச்சத்தை அப்படியே ஒத்திருக்கும். எச்சத்தைத் தின்ன எந்தப் பறவையும் வருவதில்லை. கடைசித் தோல் உரித்ததும் ஒரே இரவில் பச்சையாகிவிடும். மார்பில் இரண்டு கண்போன்ற புள்ளிகள் தோன்றும். ஈர்க்குச்சியால் மெல்லத் தொட்டால், தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த இரட்டைக் கொம்பு ஒன்றை நீட்டி, அழுகிய எலுமிச்சைபோல ஒரு நெடியை விடும். பேத்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைப் படமெடுங்கள். நாத்தனாரின் மகன் அந்தக் கொம்பைப் பார்த்த நாளிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தால் நேராகத் தொட்டிக்குத்தான் போகிறான்.

பிறகு ஒரு நாள் தின்பதை நிறுத்திவிட்டுத் தண்டில் தலைநிமிர்ந்து, இடுப்பில் ஒரு பட்டு நூலைச் சுற்றிக்கொண்டு கூட்டுப்புழுவாகும். பச்சை இலைகளுக்கு நடுவே என்றால் பெரும்பாலும் பச்சை, காய்ந்த குச்சியில் என்றால் பழுப்பு. பத்து நாள் சும்மா இருக்கும். ஓர் இரவு கூட்டின் தோல் கருத்து, உள்ளே மடிந்திருக்கும் இறக்கையின் வெள்ளைத் திட்டு வெளியே தெரியும். அப்படித் தெரிந்தால் மறுநாள் விடியலில் பூச்சி வெளிவரும். கேமராவை இரவே தயாராக வைத்துவிடுங்கள், ஏனென்றால் கூடு பிளந்து பூச்சி வெளியேறுவது ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. வெளியே வந்தது முதலில் பார்க்க ஏமாற்றமாகத்தான் இருக்கும்: பருத்த வயிறு, தோய்த்துப் பிழிந்த துணிபோலச் சுருங்கிய இறக்கை. அது ஏதாவது ஒரு குச்சியைப் பற்றித் தலைகீழாகத் தொங்கி, வயிற்றிலுள்ள நீரை இறக்கை நரம்புகளுக்குள் செலுத்தும். சுருக்கங்கள் ஒவ்வொன்றாக நீவிவிட்டதுபோல மறையும். கால் மணி நேரத்தில் இறக்கை முழு நீளத்துக்கு வந்துவிடும்; உலர்ந்து விறைக்க இன்னும் ஒன்றிரண்டு மணி நேரம். அந்த நேரம் முழுவதும் அது எங்கும் போகாது. ஒரு செதில்கூட உதிராத இறக்கையை, இணையான கோணத்தில், காலை வெளிச்சத்தில், மேக்ரோ பித்தன் தம்பி சொல்லும் எல்லா விதிகளோடும் நீங்கள் எடுக்கலாம்.

இரண்டு எச்சரிக்கைகள். புதிதாக வாங்கும் செடியில் உடனே முட்டையிட விடாதீர்கள். நான் ஒரு கடையில் வாங்கிய எலுமிச்சைச் செடி தளதளவென்று இருந்தது. அதில் விட்ட ஒன்பது புழுக்களும் இரண்டே நாளில் கருகிச் செத்தன. செடிக்கு ஏற்கெனவே பூச்சிமருந்து பாய்ச்சியிருந்தார்கள் என்பது விசாரித்த பிறகுதான் தெரிந்தது. ஒன்றிரண்டு மாதம் புதிய தளிர் வந்து பழைய இலைகள் உதிரும்வரை காத்திருப்பது நல்லது. அடுத்து, தொட்டிக்கு அடியில் தட்டு வைத்தால் தண்ணீர் தேங்கிக் கொசு வரும், அபராதமும் வரும். தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி விட்டு வைப்பதும் நம் பொறுப்பு.

உங்கள் மனைவியிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: தொட்டியை இரண்டாக்குங்கள், ஒன்று ரசத்துக்கு, ஒன்று புழுவுக்கு. ரசத்துத் தொட்டியில் ஏறும் புழுவை எடுத்து மற்றதில் விட்டால் இரு தரப்புக்கும் வழக்கு இருக்காது.


பதில் 4
எழுதியவர்: ஓரிதழ்

மேலே சொன்னவை எல்லாம் பயனுள்ளவை. ஒரு செய்தியில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. செதில் உதிராத இறக்கைதான் அழகான படம் என்ற எண்ணத்தால், பன்னிரண்டு படமும் கடையில் மடிப்புக் கலையாமல் வைத்த சட்டைபோல ஆகிவிடும். நான் சாங்கி விமான நிலையத்தின் மூன்றாம் முனையத்தில் உள்ள வண்ணத்துப்பூச்சித் தோட்டத்திலும் எடுத்திருக்கிறேன். 2008இல் திறந்த அந்த இடம் பயணிகளுக்கு ஓர் அருமையான ஏற்பாடு, கற்றுக்கொள்கிறவர்களுக்கும் நல்ல பயிற்சிக் களம். ஆனால் அங்கே எடுத்த படங்களில் எனக்கு எதுவும் நினைவில் நிற்கவில்லை. நினைவில் நிற்பது, பின்னிறக்கை இரண்டிலும் ஒரே இடத்தில் முக்கோணமாகக் கிழிந்த ஓர் எலுமிச்சை அழகியின் படம். இறக்கையை மூடியிருந்தபோது பறவை கொத்தியிருக்கிறது, அதனால்தான் இரு பக்கமும் ஒரே அளவில் கிழிந்திருக்கிறது. அலகின் வடிவம்கூடத் தெரிகிறது. தப்பிய பூச்சி வெட்சிப் பூவில் உட்கார்ந்து நிதானமாகத் தேன் குடித்துக்கொண்டிருந்தது. உங்கள் பன்னிரண்டில் ஒன்றாவது இப்படி இருக்கட்டும், ஐயா.

குளிர்பதனப் பெட்டியில் பூச்சியை வைத்து மரத்துப்போகச் செய்து, பூவின்மேல் உட்காரவைத்து எடுக்கும் வழக்கமும் சிலரிடம் இருக்கிறது. பழகிய கண்ணுக்கு அது உடனே தெரிந்துவிடும்: கால்கள் பூவைப் பற்றியிருக்காது, உறிஞ்சுகுழல் சுருண்டே இருக்கும். நீங்கள் அப்படிச் செய்பவரல்லர் என்பது உங்கள் புகைந்த படங்களிலிருந்தே தெரிகிறது, அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூரில் இதுவரை முந்நூறுக்கு மேற்பட்ட வண்ணத்துப்பூச்சி இனங்கள் பதிவாகியிருக்கின்றன. இத்தனை சிறிய தீவுக்கு அது பெரிய எண்ணிக்கைதான். அவற்றுள் தமிழ்க் கண்காட்சிக்கு வைக்க ஒன்றிரண்டைப் பரிந்துரைக்கிறேன். கோயில்களின் ஓரத்தில் பிள்ளையாருக்கு மாலை கட்ட எருக்கு வளர்ப்பார்கள் அல்லவா, அதன் இலையின் அடியில் பாருங்கள். கருப்பு, வெள்ளை, மஞ்சள் வளையங்களோடு புழு இருந்தால் அது வெந்தய வரியன். பூச்சி பழுத்த வெந்தய நிறத்தில், இறக்கை நுனியில் கருப்பும் வெள்ளையுமாக இருக்கும். சோம்பலாகப் பறப்பது; எடுக்க எளிது.

இன்னொன்று எனக்கு நெருக்கமானது. டானி கோஸ்டர் என்று பெயர், செங்கல் நிறத்தில் கரும்புள்ளிகள். தஞ்சைப் பக்கத்து வரப்புகளில் ஓரிதழ் தாமரைச் செடியில் இதன் முள் முள்ளான புழுவைச் சிறுவயதில் நான் பார்த்ததுண்டு; என் புனைபெயரும் அந்தச் செடியிலிருந்து வந்ததுதான். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய இந்தப் பூச்சி, தென்கிழக்காசியாவுக்குள் மெல்ல மெல்லப் பரவி, 2006இல் சிங்கப்பூரில் தென்பட்டது. இங்கே ஓரிதழ் தாமரையைத் தேடி அலையாமல், தரிசில் தானாகப் படரும் காட்டுப் பேஷன் பழக் கொடியில் முட்டையிட்டுப் பிழைத்துக்கொண்டது. 2012இல் ஆஸ்திரேலியாவையும் எட்டிவிட்டது. புல்வெளியில் இடுப்புயரத்துக்கு மேல் பறக்காத, எந்த அவசரமும் இல்லாத ஒரு பூச்சி இவ்வளவு தூரம் போயிருக்கிறது. வேலையனுமதிச் சீட்டோடு வந்திறங்கிய முதல் வாரம், எம்ஆர்டி ரயில் தண்டவாளத்தின் ஓரத்துப் புல்லில் அதைப் பார்த்தேன். அன்று என்னிடம் கேமரா இல்லை.


பதில் 5
எழுதியவர்: ஈசூன் தாத்தா

அனைவருக்கும் நன்றி. பூமலை நடையர் பந்தயத்தில் வென்றுவிட்டார்: "அடையாளம் தெரியாதவை" என்ற கோப்பில் பின்னிறக்கையில் வெள்ளை வரிசையோடு ஏழு படங்கள் இருந்தன. ஒரே இனத்தின் ஆணையும் பெண்ணையும் இரண்டு கோப்புகளில் பிரித்து வைத்திருந்திருக்கிறேன்.

நேற்றுக் காலை எட்டரைக்குக் கீழே இறங்கி, வெட்சிப் புதருக்கு முன்னால் மழைக்கோட்டை மடித்துப் போட்டு மண்டியிட்டேன். துப்புரவுப் பணியாளர் ஒருவர் நான் மயங்கி விழுந்துவிட்டதாக எண்ணி ஓடி வந்தார். அவரிடம் திரையைக் காட்டினேன். அவருடைய ஊரிலும் எருக்கஞ்செடியில் அந்த வளையப் புழு உண்டாம். அரை மணி நேரத்தில் எடுத்த பதினொரு படங்களில் நான்கில் இறக்கை முழுவதும் தெளிவாக விழுந்திருக்கிறது; எட்டு மாதத்தில் இது முதல் முறை. ஊதாப் பூச்சி மட்டும் இன்னும் கைக்குச் சிக்கவில்லை.

தாழ்வாரத் தோட்டம் அம்மாவின் தீர்ப்பை வீட்டில் படித்துக் காட்டினேன். இரண்டாவது தொட்டிக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டது. ஆனால் பழைய, பெரிய செடி ரசத்துக்கு என்பதில் விட்டுக்கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார். நான் எறிந்ததில் தப்பியது ஒன்றே ஒன்று; அதைச் சிறிய தொட்டிக்கு மாற்றியிருக்கிறோம். பேத்தி அதன் கொம்பைப் பார்த்துவிட்டாள். ஓரிதழ் தம்பி சொன்ன கிழிந்த இறக்கைக்கும் ஓர் இடம் ஒதுக்கிவிட்டேன்; அட்லஸ், அந்துப்பூச்சி என்ற பெயரோடு பன்னிரண்டாவதாக வாசலுக்குப் பக்கத்தில் நிற்கும்.

முதல் இரண்டு படங்களையும் ஒரே சட்டத்தில் மாட்டப் போகிறோம். கீழே எழுதியிருப்பது இது, பிழை இருந்தால் திருத்துங்கள்: "இடப்பக்கம் ரோஜா அழகி, புலாவ் உபின். வலப்பக்கம் கறிவேப்பிலை அழகியின் பெண், ஈசூன் புளோக்கின் கீழே. உடலின் நிறத்தைப் பாருங்கள்."